15 சீசன், 310 மணி நேரம்: படகின் மீட்டரை நம்பலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மிஷிகனில் செயின்ட் கிளேர் ஏரிக்கு அருகே 2010 மாடல் 21 அடி பவ்ரைடர் (முன்பக்கமும் உட்கார இடமுள்ள திறந்த படகு) ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். மெர்க்ரூசர் 5.0 எம்பிஐ வி8 எஞ்சின், ஆல்ஃபா ஸ்டெர்ன்டிரைவ். 2010 முதல் 2024 வரை 15 சீசன் கண்ட படகு, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரில் இருப்பதோ 310 மணி நேரம். வருஷத்துக்கு 20 மணி நேரம் ஓட்டுவதற்காக யாராவது இவ்வளவு பணம் போட்டுப் படகு வைத்திருப்பார்களா, மீட்டரில் கை வைத்திருப்பார்களோ என்பது உங்கள் சந்தேகம். நீங்கள் வாங்கினால் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நேரான பதில்: அந்த ஏரியில் வருஷத்துக்கு 20 மணி நேரம் என்பது முழுக்க நம்பக்கூடிய கணக்கு. ஆனால் "மிகக் குறைவாக ஓடியது" என்று விளம்பரத்தில் இருப்பதை நீங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. எனக்கு அங்கேதான் மாறுபாடு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மிஷிகனில் படகு சீசன் என்று பெரும்பாலோர் வைத்துக்கொள்வது மெமோரியல் டே முதல் லேபர் டே வரை. 2024இல் அவை மே 27, செப்டம்பர் 2. இரண்டு பண்டிகை வார இறுதிகளையும் சேர்த்தால் 15 வார இறுதிகள், 30 சனி ஞாயிறுகள். வேலைக்குப் போகிறவருக்குக் கையில் இருப்பது இந்த 30 நாள்தான். இதில் மழையும் காற்றும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். செயின்ட் கிளேர் ஏரி ஆழம் குறைந்தது, சராசரி 11 அடிதான். ஆழமில்லாத நீரில் காற்று அடித்தால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும். மூன்றடி அலை ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கும்போது 21 அடிப் படகில் குழந்தைகளோடு போவது இன்பமான வேலை கிடையாது. தேசிய வானிலை சேவை சிறு படகுகளுக்கான எச்சரிக்கை விடும் நாளில் போகவே கூடாது. எச்சரிக்கை இல்லாவிட்டாலும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் நாள்கள் உண்டு. இப்படி மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் மீதி 20 நாள்.

அடுத்து வீட்டுக் காரியங்கள். கிராஜுவேஷன் பார்ட்டி, கல்யாணம், பிள்ளைகளின் சாக்கர் போட்டி எல்லாமே அந்த 15 வாரத்துக்குள்தான் வரும். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பள்ளி விடுமுறை ஜூன் நடுவில் தொடங்குவதால் ஊருக்குப் போவதும் அதே மாதங்களில்தான். ஐந்து வாரம் சென்னைக்கோ மதுரைக்கோ போய் வந்தால் 15 வார இறுதியில் ஐந்து போய்விட்டது. ஆக, உண்மையில் படகு தண்ணீரில் இறங்குவது 10 முதல் 15 நாள். ஒரு நாளைக்கு எஞ்சின் எவ்வளவு ஓடும்? ஸ்லிப்பிலிருந்து, அதாவது மரினா எனும் படகுத்துறையில் படகைக் கட்டும் இடத்திலிருந்து, கிளம்பி மஸ்கமூட் விரிகுடாவின் மணல்திட்டுப் பக்கம் போக முக்கால் மணி, நங்கூரம் போட்டுக் குளியலும் சாப்பாடும் மூன்று மணி, திரும்ப முக்கால் மணி. வீட்டில் எல்லோரும் "ஆறு மணி நேரம் போட்டில் இருந்தோம்" என்று சொல்வார்கள், மீட்டரில் ஏறியது ஒன்றரை முதல் இரண்டு மணி. 12 நாள் போனால் 18 முதல் 24 மணி நேரம். உங்கள் 310ஐ 15ஆல் வகுத்தால் வருவதும் ஏறக்குறைய அதுவே.

படகில் கழித்த நேரத்தையும் எஞ்சின் ஓடிய நேரத்தையும் பிரித்துப் பார்க்காததால்தான் 310 என்பது உங்களுக்கு மோசடி போலத் தோன்றியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் படகின் வகையைப் பொறுத்து வெகுவாக மாறும். பாய்மரப் படகில் துணைக்கு இருக்கும் சிறிய டீசல் எஞ்சின் துறைமுகத்துக்குள் வரவும் போகவும்தான் ஓடும். சீசன் முழுக்கக் கடலில் கிடப்பவருக்குக்கூட வருஷத்துக்கு 50 மணிக்குள் அடங்கிவிடும். படுக்கை, சமையலறை வைத்த 30 அடி குரூசர்கள் வெள்ளிக்கிழமை இரவு முதல் ஞாயிறு மாலை வரை மரினாவில் கட்டியே கிடக்கும், எத்தனையோ இரவு தங்குவார்கள், மீட்டர் அசையாது. அதற்கு நேர்மாறு வேக்போர்டு படகு. பின்னால் ஒருவர் மாறி ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் எஞ்சினுக்கு ஓய்வில்லை, வருஷத்துக்கு 80, 100 மணி எளிதில் ஏறும். வீட்டுப் பின்வாசலிலேயே ஏரி இருக்கிற பான்டூன்காரர் (தட்டையான மிதவைப் படகு வைத்திருப்பவர்) மாலையில் அரை மணி, முக்கால் மணி என்று அடிக்கடி சுற்றுவார், நாள் கணக்கு 50ஐத் தாண்டினாலும் மணிக்கணக்கு 40இல் நிற்கும். தூண்டில் போடுகிறவர்களில் ட்ரோலிங் செய்கிறவர்கள், அதாவது தூண்டிலைப் பின்னால் இழுத்தபடியே போகிறவர்கள், மெதுவேகத்திலேயே மணிக்கணக்காக ஓட்டுவார்கள். அவர்களில் பலர் பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் 9.9 எச்பி குட்டி எஞ்சின் ஒன்றையும் மாட்டியிருப்பதால் பெரிய எஞ்சினின் மீட்டர் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது.

இதில் எது உறுதி, எது தோராயம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகுகளின் எண்ணிக்கை நன்றாகத் தெரியும், ஏனென்றால் மாநிலங்கள் பதிவு செய்கின்றன. 2018இல் பதிவான படகுகள் சுமார் 1 கோடியே 18 லட்சம். அந்த வருஷம் படகு விபத்துகளில் 633 பேர் இறந்தார்கள். கடலோரக் காவல்படை இதை ஒரு லட்சம் பதிவுப் படகுகளுக்கு 5.3 மரணம் என்று அறிவித்தது. இந்த விகிதத்தில் ஒரு குறை உண்டு: வருஷம் முழுக்கக் கூடாரத்துக்கு அடியில் கிடந்த படகும், தினமும் தண்ணீரில் இருந்த படகும் ஒரே எண்ணாகக் கணக்கில் வருகின்றன. யார் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஆபத்தை அளக்க முடியாது. அதனால்தான் காவல்படை தனியாக மக்களிடம் கேட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறது, 2018ஆம் வருஷத்தைப் பற்றி ஒரு பெரிய சுற்று நடந்தது. அதுபோன்ற கணக்கெடுப்புகள் எண்ணுவதில் ஒன்று "படகு நாள்". படகு ஒரு நாளில் பத்து நிமிஷம் இறங்கினாலும் பத்து மணி இறங்கினாலும் அது ஒரு நாள். அதோடு, கேட்டதற்கு நினைவிலிருந்து பதில் சொல்கிறார்கள். போன கோடையில் எத்தனை முறை போனீர்கள் என்று கேட்டால் மனசு கொஞ்சம் கூட்டியே சொல்லும். நிறைய ஓட்டுகிற சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுவதும் உண்டு. ஆகவே "சராசரிப் படகுக்காரர் வருஷத்துக்கு இத்தனை நாள் போகிறார்" என்று எங்காவது எண் கண்டால், அதற்கு நடுவிலுள்ள சாதாரணக் குடும்பம் அதைவிடக் குறைவாகவே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் மணிக்கணக்கில் சர்வீஸ் கடைகளில் புழங்கும் மதிப்பீடு இப்படி: குளிர் மாநிலங்களில் குடும்பப் படகுக்கு வருஷம் 20 முதல் 50 மணி, வெப்ப மாநிலங்களில் 50 முதல் 100. இது ஆய்வு முடிவு கிடையாது, வேலைச் சீட்டுகளில் மீட்டர் அளவை எழுதி எழுதி வந்த அனுபவக் கணக்கு. ஃபுளோரிடாவில் 12 மாதமும் தண்ணீர் திறந்தே இருந்தாலும் உபயோகம் அந்த விகிதத்தில் பெருகுவதில்லை. கோடையில் மத்தியானம் ஆனால் இடிமழை, ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் சீசன், ஆகஸ்ட் வெயிலில் மேற்கூரையில்லாத படகில் உட்கார முடியாது. "எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்ற எண்ணமே போகாமல் வைத்துவிடுவதும் உண்டு. குறுகிய சீசன்காரர்களுக்கு இருக்கும் அவசரம் அங்கே இல்லை.

இனி மீட்டருக்கு வருகிறேன். பழைய பாணி மணி மீட்டர் சாவிச் சுவிட்சோடு இணைந்த ஒரு சின்னக் கடிகாரம். சாவி ஆன் ஆனால் ஓடும், எஞ்சின் ஓட வேண்டும் என்பதில்லை. பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைப் போட்டு வைத்தவரின் மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஒயரைக் கழற்றினால் நின்றுவிடும், மீட்டரையே மாற்றினால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே டாஷில் தெரியும் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் படகின் எஞ்சின் எம்பிஐ வகை (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிப்பது), அதன் கட்டுப்பாட்டுக் கணினி ஓடிய நேரத்தைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். மெர்க்ரூசர் டீலரின் கருவியோ, தனி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டயாகாம் மென்பொருளோ இதைப் படித்துவிடும். மொத்த மணியை டாஷ் மீட்டரோடு ஒப்பிடுங்கள். சில மணி வித்தியாசம் சகஜம். டாஷில் 310, கணினியில் 700 என்று வந்தால் விற்பவரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மீட்டர் பழுதாகி மாற்றியதாக அவர் சொன்னால் அதற்கான பில் இருக்க வேண்டும். கணினி சரித்திரத்தில் எந்த ஆர்பிஎம் எல்லையில் எவ்வளவு நேரம் ஓடியது என்ற பிரிவு கிடைத்தால் அதை மொத்த மணியைவிடக் கவனமாகப் பாருங்கள். பெரும்பகுதி ஐட்லிலும் 3,000 முதல் 3,500க்குள்ளும் இருந்தால் குடும்பப் படகின் இயல்பான ஓட்டம். முழு வேகத்தில் நிறைய நேரமும், அதிக வெப்ப எச்சரிக்கைகளும் பதிவாகியிருந்தால் 310 மணியும் கடினமான 310 மணி.

கருவி வருவதற்கு முன் கண்ணாலேயே சிலவற்றைச் சோதிக்கலாம். ஓட்டுநர் இருக்கையின் முன்விளிம்புத் தையல், கியர் லீவரின் கைப்பிடி, ஸ்டியரிங்கில் கை படும் இடம், ஏறி இறங்கும் ஏணியின் படி ஆகியவை ஓடிய நேரத்துக்கு ஏற்பத் தேயும். 300 மணிப் படகில் லீவரின் ரப்பர் பளபளவென்று வழுக்கிப்போய் இருந்தால் யோசிக்க வேண்டும். பழைய சர்வீஸ் பில்களில் மீட்டர் அளவு எழுதியிருக்கும், அவற்றைத் தேதி வரிசையில் வைத்தால் வருஷத்துக்கு எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும். படகின் பின்புறம் வலதுபக்க மேல்மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருஷம். விளம்பரத்தோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள். இந்தப் படகு எப்போதாவது உப்புநீரில் இருந்ததா என்பதையும் உரிமைப் பத்திர வரலாற்றில் தேடுங்கள். அது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

மீட்டர் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 310 மணி என்றால் எஞ்சின் புதிது போலத்தானே என்று தோன்றும். பெட்ரோல் ஸ்டெர்ன்டிரைவுக்கு ஆயுள் 1,500 மணி என்று வழக்கில் சொல்வார்கள், டீசலுக்கு 5,000. அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. ஆனால் பொழுதுபோக்குப் படகு எஞ்சின்களில் பெரும்பாலானவை தேய்ந்து சாவதில்லை. துருவால், உறைபனியால், கெட்ட பெட்ரோலால், காய்ந்துபோன ரப்பரால் சாகின்றன. இந்த நான்கும் மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை, நாள்காட்டியைப் பார்க்கின்றன. ஃபுளோரிடாவில் மீன்பிடி வழிகாட்டிகள் ஒரே அவுட்போர்டை (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சினை) வருஷத்துக்கு 1,000 மணிக்குப் பக்கமாக ஓட்டி 3,000 மணியைத் தாண்ட வைக்கிறார்கள். அதே எஞ்சின் ஒரு வீட்டின் பக்கவாட்டில் பத்து வருஷம் நின்று 150 மணியில் கையைவிரிக்கிறது. தினம் ஓடுகிற எஞ்சினில் உள்ளே ஈரம் தங்காது, எண்ணெய்ப் படலம் காயாது, பெட்ரோல் பழசாகாது, சின்னக் கோளாறு அன்றைக்கே காதில் விழும். தயாரிப்பாளர்கள் சர்வீஸ் அட்டவணையில் "100 மணி அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது" என்று எழுதுவதன் காரணமும் இதுவே. 20 மணிக்காரர் "நூறு மணி ஆகட்டும்" என்று காத்திருந்தால் ஐந்து வருஷம் ஒரே எண்ணெயில் ஓடும்.

உங்கள் படகில் முதலில் பார்க்க வேண்டியது பெல்லோஸ். எஞ்சின் படகுக்கு உள்ளே, டிரைவ் வெளியே. இரண்டையும் இணைக்கும் தண்டு படகின் பின்சுவரில் உள்ள ஓட்டை வழியாகப் போகிறது, அந்த ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே. தண்ணீரைத் தடுப்பது மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு ரப்பர் குழாய் மட்டும்தான். இதுதான் பெல்லோஸ். ஆல்ஃபா டிரைவில் யூ-ஜாயின்டுக்கு (தண்டின் மடங்கும் இணைப்புக்கு) ஒன்று, கியர் கேபிளுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு (புகை வெளியேறும் வழிக்கு) ஒன்று இருக்கும். டிரைவை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து, மடிப்பின் பள்ளத்தை விரலால் விரித்துப் பாருங்கள். மேடான பகுதி நன்றாகவே இருக்கும், வெடிப்பு பள்ளத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். டிரைவை மேலே தூக்கிய நிலையிலேயே வருஷக்கணக்கில் நிறுத்தியிருந்தால் மேல்பக்க மடிப்பு நசுங்கி அந்த வடிவத்திலேயே இறுகிப்போகும். நிறுத்தும்போது டிரைவ் இறங்கியிருக்க வேண்டும். பெல்லோஸ் கிழிந்தால் முதலில் அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் துருப்பிடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பின்னால் உறுமல் சத்தம் கேட்டால் அது பேரிங். கவனிக்காவிட்டால் ஸ்லிப்பில் கட்டியிருக்கும்போதே படகு மூழ்கும். 2010இல் போட்ட பெல்லோஸ் இன்னும் இருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றியாக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேல் அதை நம்பி விடுவது சரியல்ல.

அடுத்தது இம்பெல்லர். டிரைவுக்குள் இருக்கும் கைப்பிடி அளவு ரப்பர் சக்கரம், குளிர்விக்கும் நீரை உறிஞ்சி மேலே அனுப்புவது அது. நின்றே கிடந்தால் அதன் இதழ்கள் வளைந்த நிலையிலேயே பழகிவிடும், பிறகு நிமிராது, நீர் அழுத்தம் குறையும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். உடைந்த இதழின் துண்டுகள் மேலே போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும் என்பதால், மாற்றும்போது பழையதன் எல்லா இதழும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது. விற்பவர் "ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன்" என்று சொன்னால் உறிஞ்சு துளைகளில் ஹோஸ் மாட்டித் தண்ணீர் திறந்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில வினாடிகளில் ரப்பர் கருகத் தொடங்கும்.

பெட்ரோல். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கொள்ளளவில் சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து தொட்டியின் அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். நிறைய ஓட்டுகிறவர் ஒரு சீசனில் பல தொட்டி காலி செய்வார், அவருக்கு இந்தப் பிரச்சினை வராது. இந்த எஞ்சின் நடுத்தர வேகத்தில் மணிக்கு 10 முதல் 12 கேலன் குடிக்கும். ஆனால் பெரும்பகுதி நேரம் மெதுவாக ஓடினால் 20 மணியில் இரண்டு மூன்று தொட்டிகூடக் காலியாகாது. குளிர்காலத்துக்கு முன் தொட்டியை ஏறக்குறைய நிரப்பி, ஸ்டெபிலைசர் ஊற்றி, அது இன்ஜெக்டர் வரை போய்ச்சேரப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டியபிறகு நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணாடி ஜாடியில் கொட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் அடியில் கோடு விழுந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. 15 சதவீத எத்தனால் பெட்ரோலைப் படகு எஞ்சினில் ஊற்றச் சட்டப்படியே அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மிஷிகனில் மற்றெல்லாவற்றையும்விட நான் பயப்படுவது உறைபனியைத்தான். உங்கள் எஞ்சின் ஏரி நீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிர்விக்கும் வகை என்றால் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அந்த நீரை முழுக்க வடிக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கின் இரண்டு பக்கம், இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்புக் குழாய்), சுற்றோட்டப் பம்பின் பெரிய ஹோஸ் என்று எந்த இடமும் விட்டுப்போகக் கூடாது. வடிகால் பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் "காலியாகிவிட்டது" என்று நினைப்பது ஆபத்து. துருக்கசடு துளையை அடைத்திருக்கும், கம்பியால் குத்தினால்தான் பீறிட்டு வரும். வடிந்தபின் நச்சுத்தன்மை குறைந்த பிங்க் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவார்கள். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், இரும்புக்கு அந்த இடம் கொடுக்கத் தெரியாது. 15 குளிர்காலத்தில் ஒரே ஒரு வருஷம் யாரோ மறந்திருந்தால் போதும். பிளாக்கின் பக்கவாட்டில் மேனிஃபோல்டுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு துருக்கோடு இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் கவனியுங்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

உப்புநீர் விஷயம் இதோடு சேர்ந்தது. கடல்நீர் சுற்றிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன் மேலுள்ள ரைசர் குழாயும் ஐந்து முதல் ஏழு வருஷத்தில் உள்ளே அரித்துப்போகும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போகும். நன்னீரில் மட்டும் இருந்த படகுக்கு இந்தத் தேதி பொருந்தாது, வெகுகாலம் தாங்கும். ஆகவே மிஷிகன் மாநிலத்து நன்னீர் ஏரியிலேயே பிறந்து வளர்ந்த 310 மணிப் படகும், ஃபுளோரிடாவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த 310 மணிப் படகும் மீட்டரில் ஒன்று, மதிப்பில் வேறு.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தனி எண்ணைவிட அவற்றுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம். கியர் ஆயிலில் பால் நிறம் கூடாது. தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். முழு த்ராட்டிலில் மேனுவல் சொல்லும் ஆர்பிஎம் எல்லைக்குள் ஏறுகிறதா, வெப்பமுள் நிலையாக நிற்கிறதா என்று 20 நிமிஷமாவது பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வந்து குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். தரையின் மரமும் பின்சுவரின் மரமும் ஊறியிருக்கின்றனவா என்பதைத் தட்டிப் பார்த்தும் ஈரமானி வைத்தும் சொல்ல எஸ்ஏஎம்எஸ் அல்லது என்ஏஎம்எஸ் என்ற படகு சர்வேயர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற சர்வேயர் ஒருவரை வையுங்கள். நான் இங்கிருந்து சொல்வதெல்லாம் எதைத் தேட வேண்டும் என்பதை மட்டும். அந்தப் படகில் அது இருக்கிறதா என்பதைக் கை வைத்தவர்தான் சொல்ல முடியும். டிரெய்லரோடு வருகிறது என்றால் டயரின் பக்கச்சுவரில் டாட் எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2316 என்று இருந்தால் 2016ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் முழுசாக இருந்தாலும் அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.

நீங்கள் எவ்வளவு பயன்படுத்துவீர்கள் என்பதற்கு ஆசையைவிட இடமே நல்ல அளவுகோல். படகு எங்கே நிற்கப்போகிறது? டிரெய்லரில் வீட்டில் வைத்தால் ஒவ்வொரு முறையும் இணைத்து, விளக்கு சோதித்து, படகை நீரில் இறக்கும் சரிவான ராம்ப்புக்கு ஓட்டி, வரிசையில் நின்று, வடிகால் பிளக்கைத் திருகி, இறக்கி, மாலையில் இதையெல்லாம் தலைகீழாகச் செய்து, கழுவித் துடைத்து மூட வேண்டும். போக வர இரண்டரை மூன்று மணி நேரம் இதற்கே. ஆகவே வேலைநாள் மாலைகள் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது, வார இறுதிகள் மட்டும்தான். வீட்டிலிருந்து கால்மணி தூரத்தில் மரினாவில் ஸ்லிப் எடுத்தால் செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்குக் கிளம்பி இருட்டும் முன் திரும்ப முடியும். ஜூன் கடைசியில் அந்தப் பக்கம் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஒரே குடும்பம், ஒரே படகு, ஸ்லிப் மாறியதும் நாள் கணக்கு இரட்டிப்பாவது சகஜம். ஆனால் ஸ்லிப்புக்குப் பணம் வேண்டும்.

அந்தப் பணத்தை நாளால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு ஸ்லிப், இன்சூரன்ஸ், குளிர்காலக் கிடங்கு, சர்வீஸ் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 6,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 12 நாள் போகிறவருக்கு ஒரு நாள் 500 டாலர், 30 நாள் போகிறவருக்கு 200. இதில் பெட்ரோலும் படகின் விலையும் இல்லை. வருஷத்துக்கு 12 நாள்தான் போகப்போகிறீர்கள் என்றால் வாடகைப் படகோ, ஃப்ரீடம் போட் கிளப் போன்ற சந்தா முறையோ மலிவாக முடிய வாய்ப்பு அதிகம். பெல்லோஸும் உறைபனியும் அவர்கள் கவலை. உங்கள் வீட்டு நாள்காட்டியில் போன வருஷக் கோடையை எடுத்து, ஊரில் இருந்த, வேறு வேலை இல்லாத சனி ஞாயிறுகளை எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்கும் மழைக்கும் கழியுங்கள். மீதிதான் உங்கள் எண். லேபர் டே ஆனதும் படகை வெளியே எடுத்துவிடும் வழக்கத்தை மட்டும் பின்பற்றாதீர்கள். செப்டம்பரில் ஏரி நீர் இன்னும் இதமாக இருக்கும், ராம்ப்பில் கூட்டம் இருக்காது, ஊரிலிருந்தும் திரும்பியிருப்பீர்கள். அக்டோபர் முதல் வாரம் வரை வைத்தால் ஐந்து வார இறுதி கூடுதல்.

அந்த எண் 20ஐத் தாண்டினால் இந்தப் படகைத் தொடருங்கள். விலை பேசும்போது 310 மணிக்காக ஒரு டாலரும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். மாறாக, பெல்லோஸ், கிம்பல் பேரிங், இம்பெல்லர், எல்லா எண்ணெயும் ஃபில்டர்களும், பெட்ரோல் ஹோஸ்கள், பேட்டரி, டிரெய்லர் டயர் ஆகியவற்றில் எவற்றுக்குக் கடந்த ஐந்து வருஷத்து பில் இல்லையோ அவற்றை உள்ளூர்க் கடை ஒன்றில் எழுத்தில் மதிப்பிடச் சொல்லி வாங்கி, அந்தத் தொகையை அப்படியே விலையில் கழிக்கக் கேளுங்கள். விற்பவருக்கு இன்றைக்கே இரண்டு கேள்வி அனுப்பலாம்: கடைசியாக பெல்லோஸ் மாற்றியது எந்த வருஷம், ஒவ்வொரு இலையுதிர்காலமும் எஞ்சினைக் குளிருக்குத் தயார் செய்தது யார். இரண்டாவது கேள்விக்குக் கடைப் பெயரும் பில்லும் வந்தால் எஞ்சின் கணினியைப் படிக்க ஆள் அனுப்புங்கள். "நானே செய்துவிடுவேன்" என்று வந்தால், படிப்பதற்கு முன்பே அந்தக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மேனிஃபோல்டுக்குக் கீழே பார்க்கப் போங்கள்.